முதல் காரும் முதல் தவணையும்

(ரப்பர்த் தோட்டமொன்றின் சங்கக் கிளைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, கிளைச் செயலாளர் அவர்களே, காலையில் பால் வெட்டி, பால் நிறுத்து, குளித்த ஈரம் உலருமுன்னே இந்த மண்டபத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, என்னோடு ஒரே மேசையில் செக்ரோல் எழுதிய கிராணி நண்பர்களே!

சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள், வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். இவன் என்ன மோட்டார் கார் வாங்குவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்று சிலர் எண்ணலாம். நானாகத் தேடிக்கொண்ட தலைப்பன்று இது. செயலாளர்தான் கேட்டுக்கொண்டார். “ஐயா, பழைய கார் வாங்கித் தவணையில் மாட்டிக்கொண்டவர்கள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எல்லாரும் கையொப்பம் போட்ட பிறகுதான் வருகிறார்கள். போடுவதற்கு முன்னே வரும்படி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் சற்று நீட்டிச் சொல்லப் போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் வாங்க நினைக்கும் தொழிலாளியைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையுடையது. பிறகு பெரிய கிராணி ஒரு பழைய காரை வைத்துக்கொண்டார். தொழிலாளிக்குச் சைக்கிள். அந்தச் சைக்கிளும், வீட்டுக்காரியின் தையல் இயந்திரமும்கூடப் பல வீடுகளில் தவணையில்தான் வந்தன. இன்று நிலைமை வேறு. பல தோட்டங்களுக்குப் பஸ் வருவதில்லை. ஆஸ்பத்திரி பட்டணத்தில் இருக்கிறது. பிள்ளை படிக்கும் இடைநிலைப் பள்ளியும் பட்டணத்தில் இருக்கிறது. மழை இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போக முடியுமா? ஆகவே கார் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். தேவையான பொருளைத் தெரியாத முறையில் வாங்கினால் அது வாங்கியவனையே விழுங்கிவிடும் என்றுதான் சொல்கிறேன். அப்படி விழுங்கப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

என் சொந்தக் கதை

1986-ஆம் ஆண்டு. அப்போது நான் சின்னக் கிராணி. என் தாயாருக்கு வாரம் ஒரு முறை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. தோட்டத்து லாரியை எத்தனை முறை கேட்பது? பட்டணத்தில் பழைய கார் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். காரைப் பார்த்தேன், நிறம் பிடித்திருந்தது, கதவு நன்றாகச் சாத்திற்று. நான் செய்த பரிசோதனை அவ்வளவுதான். பேசிய விலை 6,000 வெள்ளி. என் கையில் இருந்ததோ 300 வெள்ளி.

“அது போதும் தம்பி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் கடைக்காரர். எனக்கு எதிரே சில பாரங்களை வைத்தார். அவற்றில் எழுத்தே இல்லை. புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையொப்பமிட்டேன். தோட்டத்தில் எத்தனையோ பேருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தவன் நான். “எழுதாத தாளில் கை வைக்காதே” என்று பிறருக்குப் புத்தி சொன்னவனும் நானே. ஆனால் கடையில் காற்றாடிக்குக் கீழே நாற்காலி போட்டு, குளிர்ந்த பானமும் கொடுத்து, “தம்பி” என்று அழைத்தவுடன் என் புத்தி எங்கேயோ போய்விட்டது.

பிறகு வந்த தாளைப் பார்த்தபோது விலை 7,000 வெள்ளி என்றிருந்தது. நான் 1,000 வெள்ளி முன்பணம் கட்டியதாகவும் எழுதியிருந்தது. மிச்சம் 6,000 வெள்ளி கடன். என்னுடைய 300 வெள்ளி “செலவு” என்ற பெயரில் மறைந்துபோயிற்று. நான்கு ஆண்டு, மாதம் 165 வெள்ளி. நான் கேள்வி கேட்கவில்லை. கார்தான் கைக்கு வந்துவிட்டதே!

ஜாமீனுக்கு ஓர் ஆள் வேண்டுமென்றார்கள். என் தங்கையின் கணவரை அழைத்துப் போனேன். அவர் பால் வெட்டுத் தொழிலாளி. “மச்சான், நீங்கள் சொன்னால் சரி” என்று எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டார். தாளில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு என் தகப்பனார் காலமானார். இறுதிச் சடங்கும் கருமாதியும் சேர்ந்து இரண்டு மாதச் சம்பளத்தைத் தின்றுவிட்டன. இரண்டு தவணை நின்றது. தோட்டத்து ஆபீசுக்கு என் பெயருக்கு ஒரு பதிவுக் கடிதம் வந்தது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. ஊருக்கெல்லாம் கடிதம் படித்துச் சொன்ன நான், எனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. வெட்கம், தோழர்களே, வெட்கம்! கடனைவிட அந்த வெட்கந்தான் எனக்குப் பெரிய நட்டத்தைக் கொடுத்தது.

ஒருநாள் பெரட்டுக்கு முன்னே, இருட்டில் இரண்டு பேர் வந்து காரைக் கொண்டுபோய்விட்டார்கள். லயத்துச் சனமெல்லாம் வாசலில் நின்று பார்த்தது. காரை ஏலத்தில் விற்றார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை. 1,600 வெள்ளிக்கு மேல் பாக்கி நின்றது. என்னிடம் ஒன்றும் இல்லையென்று தெரிந்தவுடன் ஜாமீன் போட்டவரைத் தேடிப் போனார்கள். என் தங்கை கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள். அந்தச் சங்கிலி மீளவேயில்லை.

பிற்காலத்தில் அந்தப் பணத்தைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் இன்றுவரை என் மைத்துனர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

கார் யாருடையது?

நான் அன்று அறியாதிருந்ததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். நம் நாட்டில் தவணைக்குக் கார் எடுப்பதை 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் ஆளுகின்றது. மலாயில் செவா பெலி என்கிறார்கள். 1968 ஏப்ரல் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. பெயரிலேயே பொருள் இருக்கிறது. முதலில் வாடகை, கடைசியில்தான் கொள்முதல். இறுதித் தவணை கட்டும்வரை சட்டப்படி காரின் சொந்தக்காரர் நிதி கொடுத்த வங்கி அல்லது நிறுவனம்; நீங்கள் அதை வாடகைக்கு வைத்திருப்பவர். ஜே.பி.ஜே. பதிவிலும் வங்கியின் உரிமைக் கோரிக்கை ஏறியிருக்கும். கடன் முடிந்த பிறகு அந்தக் கோரிக்கையை நீக்கவேண்டும். நீக்கினால்தான் கார் முழுதும் உங்களுடையது.

இதே சட்டம் உங்களுக்குச் சில காவல்களையும் வைத்திருக்கிறது. காரின் ரொக்க விலையில் குறைந்தது 10 சதவிகிதம் முன்பணமாகக் கட்டவேண்டும். உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும். ரொக்க விலை என்ன, முன்பணம் என்ன, வட்டி என்ன, மொத்தம் என்ன, தவணை எத்தனை என்ற விவரங்களைக் கையொப்பத்துக்கு முன்னே எழுத்து மூலம் உங்களுக்குக் காட்டவேண்டும். உடன்படிக்கையின் நகல் உங்களுக்கும் ஜாமீன்தாரருக்கும் வந்து சேரவேண்டும்.

இனி அந்த 10 சதவிகிதத்தைப் பாருங்கள். கையில் பணமில்லாதவரிடம், “முன்பணமே வேண்டாம், முழுக் கடன் வாங்கித் தருகிறேன்” என்று சொல்கிறவர் எப்படிச் செய்கிறார்? எனக்குச் செய்ததைப் போலத்தான். 18,000 வெள்ளி காரை 20,000 என்று எழுதி, 2,000 வெள்ளி முன்பணம் பெற்றதாகக் காட்டி, 18,000 கடன் வாங்குவார். நீங்கள் கட்டாத பணத்தைக் கட்டியதாக நீங்களே கையொப்பமிட்டு ஒப்புக்கொள்கிறீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தக் கையொப்பமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதோடு, முதல் நாளிலேயே காரின் மதிப்பு முழுவதும் கடனாக நிற்கும். அதைவிட ஆபத்தான தொடக்கம் வேறில்லை.

வட்டிக் கணக்கு

கிராணி நண்பர்கள் இங்கே காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். உங்களிடந்தான் நாளைக்குத் தொழிலாளர்கள் தாளைக் கொண்டுவருவார்கள்.

ஒரு பழைய கார், விலை 20,000 வெள்ளி. முன்பணம் 2,000. கடன் 18,000. வட்டி ஆண்டுக்கு 4½ சதவிகிதம் என்று சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். நெடுங்காலமாக இங்கே வழக்கத்தில் இருந்தது நிலை வட்டி. அதாவது, ஒவ்வோராண்டும் முழு 18,000-க்கும் வட்டி. ஆண்டுக்கு 810 வெள்ளி. ஐந்து ஆண்டுக்கு 4,050. ஆக மொத்தம் 22,050. மாதம் 367 வெள்ளி 50 காசு.

இதில் ஒளிந்திருப்பது என்ன? நீங்கள் மாதாமாதம் கடனைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். நான்காம் ஆண்டில் உங்கள் கையில் இருப்பது 18,000 வெள்ளிக் கடன் அன்று. அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்பட்டிருக்கிறது. உண்மையில் மிச்சமிருக்கும் கடனை வைத்துக் கணக்கிட்டால் இந்த 4½ என்பது 8 சதவிகிதத்தையும் தாண்டிவிடும். ஆகவே ஓரிடத்தில் நிலை வட்டி 4½ என்றும், வேறிடத்தில் குறையும் கடனுக்கு வட்டி 7 என்றும் சொன்னால், 4½ மலிவு என்று ஓடிவிடாதீர்கள். இரண்டும் இரண்டு வகைப் படி. ஒரு படியால் அளந்த அரிசியை இன்னொரு படியால் அளந்ததோடு ஒப்பிட முடியாது.

நிலை வட்டிக் கடனைக் கெடுவுக்கு முன்பே தீர்ப்பவருக்கு வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வார்கள். அதற்கு “78 விதி” என்ற கணக்கைப் பயன்படுத்தி வந்தார்கள். 1 முதல் 12 வரை கூட்டினால் 78 வரும். அதனால் அந்தப் பெயர். முதல் மாதத்துக்கு மிகுதியான வட்டிப் பங்கு, கடைசி மாதத்துக்குக் குறைந்த பங்கு. நம் 60 மாதக் கணக்கில் 1 முதல் 60 வரை கூட்டினால் 1,830. முதல் ஆண்டில் நீங்கள் கட்டுவது 4,410 வெள்ளி. அதில் வட்டிக்குப் போவது மட்டும் ஏறக்குறைய 1,447 வெள்ளி. மூன்று ஆண்டு கட்டிவிட்டு, மீதி இரண்டாண்டையும் ஒரே மூச்சில் தீர்க்க நினைத்தால், ஐந்தில் இரண்டு பங்கு வட்டி, அதாவது 1,620 வெள்ளி, தள்ளுபடியாகும் என்று நினைப்பீர்கள். 78 விதியின்படி தள்ளுபடி சுமார் 664 வெள்ளிதான். இந்த இரு முறைகளையும் ஒழித்து, குறையும் கடன்மீது வட்டி போடும் முறைக்கு மாறவேண்டுமென்று அண்மை ஆண்டுகளில் அரசாங்கத் தரப்பிலேயே முயற்சி நடந்து வந்திருக்கிறது. பழைய உடன்படிக்கைகள் பல நிலை வட்டியில் எழுதப்பட்டவை என்பதால், உங்கள் தாளில் எது இருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது காலம். “367 வெள்ளி கட்ட முடியவில்லையா? ஆண்டை நீட்டிக்கொள்ளுங்கள்” என்பார்கள். ஏழு ஆண்டென்றால் மாதம் ஏறக்குறைய 282 வெள்ளி. வட்டியோ 5,670 ஆகிறது. ஒன்பது ஆண்டென்றால் மாதம் 234 வெள்ளி, வட்டி 7,290. பழைய காருக்கு அவ்வளவு நீண்ட காலம் எல்லாரும் தரமாட்டார்கள். தந்தாலும் யோசியுங்கள். பத்து வயதுக் காரை ஒன்பது ஆண்டுத் தவணைக்கு எடுத்தால், கடன் முடியும்போது காருக்கு வயது பத்தொன்பது. கார் போன பிறகும் கடன் நிற்கும் நிலை அப்படித்தான் வருகிறது.

பால் குறையும் மாதத்தில் கணக்குப் போடுங்கள்

இப்போது நான் சொல்லப்போவதை வங்கிக்காரர் சொல்லமாட்டார்; கார் விற்பவரும் சொல்லமாட்டார். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். நம் வருமானம் பன்னிரண்டு மாதமும் ஒன்றாக வருவதில்லை. ஆண்டின் முற்பகுதியில் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது பால் குறைகிறது. மழைக்காலத்தில் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. ஆனால் தவணைக்கு இலையுதிர்காலம் கிடையாது, மழையும் கிடையாது. ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வந்து நிற்கும்.

வேலை நன்றாக நடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கிவிட்டு, பால் குறைந்த மாதத்தில் திண்டாடுகிறவர்கள் எத்தனை பேர்! ஆகவே உங்கள் கணக்கை மிக மோசமான மாதத்தை வைத்துப் போடுங்கள். அந்த மாதத்தில் கட்ட முடிந்தால் எந்த மாதத்திலும் கட்ட முடியும்.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. அதில் சேமநிதிக்கு 11 சதவிகிதம், 187 வெள்ளி, பிடித்துவிடுவார்கள். சொக்சோ முதலிய பிடிப்புகளும் உண்டு. கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. தவணை 367. பெட்ரோலுக்கு 150 என்று வையுங்கள். டயர், பேட்டரி, ரிப்பேர் ஆகியவற்றுக்கு மாதம் 100 எடுத்து வைக்காவிட்டால் பழைய கார் ஓடாது. இன்சூரன்சும் ரோட் டெக்சும் ஆண்டுக்கொரு முறை மொத்தமாக வந்து நிற்கும். அதற்கு மாதம் 80 ஒதுக்குங்கள். கூட்டிப் பாருங்கள்: 697 வெள்ளி. சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியைக் கார் தின்கிறது. வீட்டில் ஒருவர் சம்பளந்தான் என்றால் மீதியில் அரிசி, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலுள்ள பெற்றோர் எல்லாம் அடங்குமா? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது. 20,000 வெள்ளி கார் தாங்காதென்றால் அதைவிடக் குறைந்த விலையில் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கணக்கில் நட்டஈடு கேட்காமல் கார் வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் 25 சதவிகிதத்திலிருந்து 55 சதவிகிதம் வரை கழிவு உண்டு. அந்தக் கழிவு ஆளுக்குரியது, காருக்குரியது அன்று. முதன்முதல் கார் வாங்குகிறவருக்கு அது இராது. ஆகவே, “பழைய சொந்தக்காரர் இவ்வளவுதான் கட்டினார்” என்று கடையில் சொல்லும் தொகையை நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள்.

முதலில் உங்களுக்கே தவணை கட்டுங்கள்

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். கார் வாங்கவேண்டுமென்று முடிவு செய்த மாதமே கடைக்குப் போகாதீர்கள். ஆறு மாதத்துக்கு, கார் வாங்கிவிட்டதாகவே பாவித்து, அந்த 367 வெள்ளி 50 காசை மாதாமாதம் வங்கியில் உங்கள் கணக்கிலேயே கட்டுங்கள். அந்த ஆறு மாதத்தில் பால் குறையும் காலமோ மழைக்காலமோ ஒன்றாவது இருக்கட்டும். முடிந்ததா? அப்படியானால் காரின் தவணையும் உங்களால் முடியும். சேர்ந்திருப்பது 2,205 வெள்ளி. 20,000 வெள்ளி காருக்கு வேண்டிய 10 சதவிகித முன்பணம் அதிலேயே கிடைத்துவிட்டது! பொய் முன்பணம் எழுத வேண்டியதில்லை. மூன்றாம் மாதத்திலேயே முடியவில்லையா? கவலை வேண்டாம். கட்டிய பணம் உங்களிடந்தான் இருக்கிறது. யாரும் இருட்டில் வந்து எதையும் கொண்டுபோகமாட்டார்கள்.

இது நமக்குப் புதிய வழியன்று. 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தோட்டத் தொழிலாளிகள் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டே வாங்கினார்கள். சிறு தவணையாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய கூட்டம் நாம். ஒரு காருக்கு முன்பணம் சேர்க்க நம்மால் முடியாதா?

காரைப் பார்ப்பது எப்படி?

இரவிலும் மழையிலும் காரைப் பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லாச் சாயமும் பளபளக்கும். தனியாகப் போகாதீர்கள். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் தம்பியைக் கூட்டிப் போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் நட்டமில்லை. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறும் துருவும் இருந்தால் வெள்ளத்தில் கிடந்த காராக இருக்கலாம். இரண்டு கார்களை வெட்டி ஒட்டி ஒன்றாக்கியதும் உண்டு. கூரைத் தூணிலும் அடிச்சட்டத்திலும் பற்றவைத்த அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் தாளில் உள்ளபடியே இருக்கவேண்டும்.

பழைய காரை வாடகைக் கொள்முதலில் எடுக்கும்போது பரிசோதனை அறிக்கை வேண்டும். 1994-இல் ஏற்பட்ட புஸ்பாகோம் இந்தப் பரிசோதனையைச் செய்து வந்திருக்கிறது. அறிக்கையை நீங்களே கையில் வாங்கிப் படியுங்கள். ஆனால் அதை இன்ஜினுக்கான உத்தரவாதமென்று எண்ணவேண்டாம். அடுத்த மாதம் கியர் பெட்டி போனால் அந்தத் தாள் பழுது பார்க்காது.

ஜாமீன் போடுகிறவர்களுக்கு

ஜாமீன் என்பது சாட்சிக் கையொப்பம் அன்று. “சும்மா ஒரு கையெழுத்து” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். மச்சான் கேட்டாலும், அண்ணன் கேட்டாலும், “தாளைக் காட்டு, மொத்தம் எவ்வளவு என்று சொல்” என்று கேளுங்கள். கேட்டதற்காக உறவு முறிந்தால், அது கேட்காவிட்டாலும் ஒருநாள் முறியக்கூடிய உறவுதான்.

தவணை தவறினால்

கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள்! சட்டம் என்ன சொல்கிறதென்று கேளுங்கள். தொடர்ந்து இரண்டு தவணையோ, கடைசித் தவணையோ தவறினால்தான் காரைப் பிடிக்கும் நடவடிக்கை எடுக்கலாம். அதற்கும் முதலில் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் பொறுக்கவேண்டும். காரை எடுத்தவர் இறந்துபோயிருந்தால் நான்கு தவணை தவறும்வரை பொறுக்கவேண்டும். ரொக்க விலையில் 75 சதவிகிதத்துக்கு மேல் நீங்கள் கட்டியிருந்தால், கோர்ட்டு உத்தரவில்லாமல் காரைத் தொடக்கூடாது. பிடிக்க வருகிறவரிடம் பெர்மிட் இருக்கவேண்டும், கேட்டுப் பாருங்கள். பிடித்த பிறகும் 21 நாளுக்குள் விற்க முடியாது. அதற்குள் பாக்கியையும் செலவையும் கட்டிக் காரை மீட்கலாம். இனிக் கட்டவே முடியாது என்று தெரிந்தால் அந்த முதல் 21 நாளுக்குள் நீங்களே கொண்டுபோய் ஒப்படைத்துவிடுங்கள். பிடிக்கும் செலவாவது உங்கள் தலையில் ஏறாது.

எல்லாவற்றுக்கும் முன்னே, ஒரு தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். 2006 முதல் ஏ.கே.பி.கே. என்ற அமைப்பு இயங்கி வருகிறது. பேங்க் நெகாரா அமைத்தது. கடனில் திணறுபவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லி, வங்கியோடு பேசித் தவணையை மாற்றியமைக்க உதவுகிறார்கள். விற்றவர் ஏமாற்றியிருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே கொண்டுபோகலாம். ரசீதும் தாளும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். ஆகவே ஒவ்வொரு தாளையும் ஒரு டின்னில் போட்டு வையுங்கள்.

இன்னொரு பெரும் பள்ளம் இருக்கிறது. “சம்போங் பாயார்” என்கிறார்கள். ஒருவர் பெயரிலுள்ள காரை இன்னொருவர் வாங்கிக்கொண்டு தவணையை மட்டும் தொடர்ந்து கட்டுவது. வங்கிக்குத் தெரியாமல் இப்படிக் கைமாற்றுவது இருவருக்கும் ஆபத்து. சட்டத்தின் பிடியிலும் சிக்க நேரும். வாங்கியவர் கட்டாமல் ஓடிவிட்டால் பெயருக்குரியவர்மீது பாக்கி விழும். சம்மனும் அவர் வீட்டுக்கே வரும். கட்டியவருக்கோ, ஐந்து ஆண்டு கட்டிய பிறகும் கார் சொந்தமில்லை. சம்மதம் கேட்டு வங்கி மூலமாகவே பெயர் மாற்றிக்கொள்வதுதான் வழி. முன்பணத்துக்காக ஆலோங்கிடம் போவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. கார் இல்லாமல் நடந்து போகலாம், ஆலோங்குக்குப் பயந்து தோட்டத்தை விட்டே ஓடக்கூடாது.

முடிவாக

தோழர்களே, நான் நெடுநேரம் பேசிவிட்டேன். ஒரு கிராணி செய்த தவறால் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி வீட்டுச் சங்கிலி போயிற்று. படித்தவன் நான், இழந்தவர் அவர். அதனால்தான் கிராணி நண்பர்களை இன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்களிடம் வரும் தாளைச் சலிக்காமல் படித்துச் சொல்லுங்கள். உங்களுக்கு வரும் கடிதத்தையும் அன்றைக்கே பிரித்துப் படியுங்கள். தொழிலாளத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தெரியாததைக் கேட்பதில் வெட்கமில்லை. காகிதத்தைக் கையொப்பத்துக்கு முந்தின நாளே கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். ஒரு நாள் பொறுக்க முடியாதென்று கடைக்காரர் சொன்னால், அந்தக் காரை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

சென்ற ஆண்டு என் மைத்துனரின் பேரன் பழைய கார் ஒன்று வாங்கினான். ஆறு மாதம் பணம் சேர்த்து, உண்மையான முன்பணம் கட்டி, தாளை என்னிடமும் செயலாளரிடமும் காட்டிய பிறகே கையொப்பமிட்டான். ஜாமீன் போட யாரையும் கேட்கவில்லை. அந்தக் காரில் என்னை ஏற்றிக்கொண்டுதான் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்தான், வெளியே நிற்கிறது. முன் இருக்கையில் என் மைத்துனர் அமர்ந்து வந்தார். வழியில், “மச்சான், கார் நன்றாக ஓடுகிறதல்லவா?” என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் கார் என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.